மீஞ்சூர்த் தண்ணீருக்கு ஒரு குளியலறைக் கண்ணாடி

குளியலறைக்குக் கண்ணாடித் தடுப்பு வாங்கப் போனால் கடையில் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எட்டு எம்.எம்.மா, பத்து எம்.எம்.மா? கிளியரா, ஃப்ராஸ்டடா? ஃபிட்டிங்ஸ் வெள்ளி நிறமா, கறுப்பா? பதில் சொல்லி முடிப்பதற்குள் கால்குலேட்டரை எடுத்துச் சதுர அடிக் கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் குளிப்பவருக்கு இந்த மூன்று கேள்விகள் போதும். மீஞ்சூரில் போதாது. வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்பதைத்தான் இங்கே முதலில் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

மீஞ்சூரின் நிலத்தடி நீருக்கு ஒரு வரலாறு உண்டு. கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும்தான் இந்தப் பகுதியின் நிலம். மணலுக்குள் நல்ல தண்ணீர் தாராளமாக இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு இந்தப் படுகையில் ஆய்வு நடந்தது. அதையொட்டி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களில் பெரிய ஆழ்குழாய்க் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. மணலியில் எழும்பிய தொழிற்சாலைகளுக்கும் சென்னைக் குடிநீருக்கும் இங்கிருந்து தண்ணீர் போனது. வயல்களுக்கும் மோட்டார் ஓடியது. எடுத்த அளவுக்கு மழை திருப்பித் தரவில்லை.

கடலோர நிலத்தில் நன்னீரும் கடல்நீரும் பூமிக்கடியில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. கடல்நீர் சற்றே கனமானது. நன்னீர் ஒரு லிட்டர் 1,000 கிராம் என்றால் கடல்நீர் 1,025 கிராம். இந்தச் சிறு வித்தியாசத்தால் விளையும் கணக்கை நெதர்லாந்தின் பதோன் கைபென் 1888-லும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது கடலைத் தடுத்து நிறுத்தும். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டரைக் குறைத்தால், கீழே உப்புநீர் 40 மீட்டர் ஏறப் பார்க்கும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. கரையோரத்தில் இருந்த உவர் எல்லை சில பத்தாண்டுகளில் ஊரைத் தாண்டி உள்ளே போனது. நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கெனத் தனிச் சட்டமே வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 ஜூலை 31 அன்று காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் அந்த ஆலையை எல்லோரும் மீஞ்சூர் ஆலை என்றுதான் அழைத்தார்கள். கிணற்று நீருக்குப் பேர்போன ஊருக்கு இப்படி ஒரு பெயர்!

இதற்கும் குளியலறைக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம், 1,300 மில்லிகிராம் மக்னீசியம், 19,000 மில்லிகிராம் குளோரைடு இருக்கின்றன. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக் கடினத்தன்மையாகக் கணக்கிட்டால் 6,300 மி.கி. வரும். போர் தண்ணீரில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கடல் கலந்துவிட்டால் கடினத்தன்மை மட்டும் 630 கூடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ன்படி 200-க்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதோடும் முடியவில்லை. கடல்நீர் மண்ணுக்குள் நுழையும்போது அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு, அங்கே ஏற்கெனவே ஒட்டியிருந்த கால்சியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் கடல் கலந்த கிணறு, கலந்த கடல்நீரின் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகக் கால்சியத்தோடு இருப்பதுண்டு. நீரியலாளர்கள் கடல் உள்ளே வருவதை அடையாளம் காண்பதில் இதுவும் ஒரு தடயம்.

இனி ஷவரைத் திறப்போம். ஒருவர் குளித்து முடித்தபின் கண்ணாடியில் துளிகளாகத் தங்கும் நீர் 100 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மி.கி. கடினத்தன்மை உள்ள நீரென்றால் அந்தத் துளிகளில் 60 மி.கி. இருக்கிறது. வீட்டில் நான்கு பேர், மாதம் முப்பது நாள்: ஏழு கிராமுக்கு மேல். எல்லாமும் ஒட்டாது, பாதி ஒட்டினாலே கண்ணாடி பால்வெள்ளையாகிவிடும்.

இதில் இரண்டு வகை வெள்ளை உண்டு. ஒன்று சாதாரண உப்பு, அதாவது சோடியம் குளோரைடும் அதன் உறவுகளும். ஈரத்துணி பட்டால் கரைந்து போய்விடும். இன்னொன்று சுண்ணாம்பு. தண்ணீரில் கால்சியம், பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. துளி காய்கிறபோது கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் மட்டும் எஞ்சுகிறது. கீசரில் சூடான நீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். கீசர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தும் போகாத வெள்ளை வட்டங்கள் இந்தச் சுண்ணாம்புதான். சோப்பும் இதில் கைகொடுக்கும். குளியல் சோப்பிலுள்ள கொழுப்பமிலம் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத பிசுக்காக மாறி, சுண்ணாம்பைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கிறது. சோப்பில்லாத பாடி வாஷ் திரவங்களில் இந்தப் பிசுக்கு மிகக் குறைவு.

விட்டுவிட்டால் அடுத்த கட்டம் இன்னும் மோசம். நாம் ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியில் எடையில் 70 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல் சிலிக்கா, 13 சதவீதம் போலச் சோடா, மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்பு. நாள்கணக்கில் ஈரம் தேங்கிய இடத்தில் நீர் கண்ணாடியிலிருந்து சோடியத்தை இழுக்கிறது. அந்தத் துளி காரமாகிறது. காரம் சிலிக்காவையே அரிக்கிறது. அப்போது ஏற்படும் மங்கல் படிவு அல்ல, கண்ணாடியின் மேற்பரப்பே சிதைந்த தழும்பு. எந்தத் திரவத்தாலும் அதை எடுக்க முடியாது. நீர் ஒட்டாத பூச்சு போட்ட கண்ணாடி என்று கூடுதல் விலைக்கு விற்பது இதைத் தள்ளிப்போடுவதற்குத்தான். பூச்சு நிரந்தரம் அல்ல. ஆனால் துளி பரவாமல் உருண்டு விழுவதால் தங்கும் நீர் குறைகிறது, அதனால் பயன் உண்டு. என் கேள்வியெல்லாம், ஒரு ரப்பர் வைப்பர் செய்கிற வேலைக்கு இத்தனை ஆயிரம் எதற்கு என்பதுதான். குளித்ததும் மேலிருந்து கீழாக இரண்டு இழுப்பு இழுத்தால் தண்ணீரில் பெரும்பங்கு தரைக்குப் போய்விடும். தண்ணீர் இல்லாத இடத்தில் சுண்ணாம்பு எங்கிருந்து வரும்?

படிந்துவிட்டதா, வினிகர் எடுங்கள். அதிலுள்ள அசெட்டிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து, நன்றாக நீரில் கரையும் கால்சியம் அசெட்டேட்டாக மாற்றுகிறது. எலுமிச்சையும் உதவும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்த்த பழக்கத்தில் கண்ணாடிக்கும் புளி போடலாமா என்று கேட்டால், வேண்டாம். புளியின் டார்டாரிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் நீரில் எளிதில் கரையாத கால்சியம் டார்டரேட் வரும். ஒரு வெள்ளையை எடுத்து இன்னொரு வெள்ளையை வைத்த கதை. வினிகரைத் தெளிக்கும்போது பக்கத்தில் கடப்பைக் கல் ஷெல்ஃப் இருந்தால் அதைத் துணியால் மூடுங்கள். கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல் இனம், அமிலம் பட்ட இடம் பளபளப்பை இழக்கும்.

பாத்ரூம் ஆசிட் மட்டும் கூடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணாடிக்கு அதனால் பெரிய கேடில்லை, கேடெல்லாம் உலோகத்துக்கு. தரைக்கு ஊற்றினாலும் அதன் ஆவி மேலே எழுந்து கீலிலும் கைப்பிடியிலும் படியும். (ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் போட்டால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.)

உலோகம்தான் இங்கே உண்மையான சிக்கல். மீஞ்சூரில் கண்ணாடி உடைந்து தடுப்பு வீணாவதைவிட, கீல் துருப்பிடித்து வீணாவதற்கே வாய்ப்பு அதிகம். ஃபிட்டர் ஒரு காந்தத்தைக் கீலில் வைத்துக் காட்டுவார். "பாத்தீங்களா சார், ஒட்டல. ஒரிஜினல் எஸ்.எஸ்." நாமும் தலையாட்டிவிடுவோம். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. எவர்சில்வரில் பல ரகம். 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316-ல் அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். 202 என்ற ரகத்தில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். இந்த மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202-ஐ 304 என்று விற்றால் காந்தத்தால் பிடிக்கவே முடியாது.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடுப் படலம். தடிமன் சில நானோமீட்டர்தான். பாலாடையைப் போல, எடுக்க எடுக்கத் தானாகவே மறுபடி கட்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் போதும். குளோரைடு அயனிதான் அதன் எதிரி. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைத்து உள்ளே போய்விட்டால், அந்தக் குழிக்குள் நீர் அமிலமாகிறது, ஆக்சிஜன் வருவதில்லை, படலம் திரும்பக் கட்டுவதில்லை. வெளியே ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி, உள்ளே ஆழமான பள்ளம். மாலிப்டினம் இந்தத் துளைப்பைத் தடுக்கிறது. சாதாரண வெப்பநிலையில், பொறியாளர்களின் தோராயக் கணக்குப்படி 304 லிட்டருக்கு 200 மி.கி. குளோரைடு வரையும் 316 ஆயிரம் வரையும் தாங்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு கடல் கலந்தால்கூடக் கிணற்று நீரில் குளோரைடு 380 கூடிவிடும். 304-ன் எல்லை அங்கேயே தாண்டிவிட்டது. இது ஓடும் நீருக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். கீலின் இடுக்கில் துளி காயக் காயக் குளோரைடின் செறிவு பல மடங்காகும்.

காய்ந்தபின் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். சாதாரண உப்புக்கு 75 சதவீதம் வேண்டும். கிழக்கே சில கிலோமீட்டரில் எண்ணூர்க் கழிமுகமும் கடலும் இருக்கும் ஊரில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்குகிற நாள் எத்தனை? ஆகவே உப்புப் படிந்த கீல், கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும், ராத்திரி பகலாக நனைந்தே இருக்கிறது. யாரும் குளிக்காத விருந்தினர் அறைக் குளியலறையில்கூட வென்டிலேட்டர் பக்கத்துக் கீலில் துரு வருவது இதனால்தான். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் இருக்கும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் தூசும் அதே வென்டிலேட்டர் வழியாக வரும். சாம்பலில் குவார்ட்ஸ் துகள் உண்டு, கண்ணாடியைவிடக் கடினமானது. தூசு படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு துடையுங்கள்.

சாஃப்ட்னர் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்பவர்களுக்கும் ஒரு செய்தி. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. கண்ணாடியில் சுண்ணாம்பு குறையும், சோப்பு நுரைக்கும். குளோரைடை அது தொடவே தொடாது. கண்ணாடி பிழைக்கும், கீல் பிழைக்காது.

கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். இது ஒப்பீட்டளவில் எளிது. ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டு முதல் செயல்படும் செயின்ட் கோபெய்ன் ஆலை போன்ற இடங்களில், ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்குகிறார்கள். குளியலறைக்கு அந்தக் கண்ணாடியை அப்படியே போடக் கூடாது. உடைந்தால் கத்தியாகும். டஃபன் செய்த கண்ணாடிதான் வேண்டும். 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாகப் பீய்ச்சிக் குளிர்விப்பார்கள். வெளிப்புறம் முதலில் இறுகும், உட்புறம் பின்னால் இறுகிச் சுருங்கும். அதனால் மேற்பரப்பு நிரந்தர அழுத்தத்திலும் நடு இழுவிசையிலும் மாட்டிக்கொள்கின்றன. மேலே சின்னக் கீறல் விழுந்தால் அந்த அழுத்தமே கீறலை மூடி வைக்கும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் கிடைப்பது இப்படித்தான். கீறல் நடுப்பகுதி வரை போய்விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் உதிரும். ஐரோப்பியத் தரத்தின்படி, உடைந்த கண்ணாடியில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. சதுரத்தில் குறைந்தது 40 துண்டுகளாவது இருக்க வேண்டும். பெரிய துண்டுதான் ஆழமாக வெட்டும் என்பதால் இந்த விதி. நம் நாட்டில் இதற்கான தரம் ஐ.எஸ். 2553. மூலையில் அழியாமல் பொறித்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வைத்திருப்பவர் அதைப் போட்டுக்கொண்டு, வெளி வெளிச்சத்தில் கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால், காற்று பீய்ச்சிய இடங்கள் வரிசை வரிசையாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடியில் அது தெரியாது.

யாரும் தொடாமல், நடுராத்திரியில் பட்டாசு போலச் சத்தத்தோடு கண்ணாடி சிதறிய செய்திகளைக் கேட்டிருப்பீர்கள். கீசர் தண்ணீரைத் திட்டுவார்கள். டஃபன் கண்ணாடி 200 டிகிரி வரையான வெப்ப வித்தியாசத்தைத் தாங்கும், குளிக்கிற சுடுநீரால் அதை உடைக்க முடியாது. பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, மாட்டும்போதே ஓரம் டைல்ஸில் இடித்துச் சிதைந்திருக்கும். இரண்டு, கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத நிக்கல் சல்ஃபைடு துகள். 379 டிகிரிக்கு மேல் ஒரு வடிவம், கீழே வேறு வடிவம். வேகமாகக் குளிர்விக்கும்போது பழைய வடிவத்திலேயே சிக்கிக்கொண்டு, மாதங்களோ வருடங்களோ கழித்து மெதுவாக மாறி 2 முதல் 4 சதவீதம் பருக்கும். இழுவிசை உள்ள நடுப்பகுதியில் அந்தத் துகள் இருந்தால் போதும். ஹீட் சோக் செய்த கண்ணாடியை 290 டிகிரி அளவில் சில மணிநேரம் வைத்திருந்து, உடைய வேண்டியதை ஆலையிலேயே உடையவிட்டு அனுப்புகிறார்கள். கொஞ்சம் கூடுதல் செலவு, கொடுக்கலாம்.

கனத்தைப் பொறுத்தவரை எட்டு எம்.எம். போதும் என்பது என் முடிவு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு எம்.எம். கனம் 2.5 கிலோ. 90 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரத் தகடு எட்டு எம்.எம்.மில் 36 கிலோ, பத்தில் 45. அந்த 9 கிலோவும் கீலில்தான் தொங்கும். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். கதவே இல்லாத, அசையாத ஒற்றைத் தகடு போட முடிந்தால் அதுவே இந்த ஊருக்கு ஏற்றது: கீல் இல்லை, துருவும் பாதி இல்லை, வாளியும் குவளையும் எடுத்துப் போகத் தடையும் இல்லை. கதவு கட்டாயம் என்றால் வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே பெரியவர் வழுக்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். ஃப்ராஸ்டட் வேண்டுமென்றால் மணல் பீய்ச்சிச் செய்ததைத் தவிர்த்து ஆசிட் எட்ச் செய்ததை வாங்குங்கள். மணல் பீய்ச்சிய சொரசொரப்பில் சுண்ணாம்பு வேர்பிடித்துக்கொள்ளும்.

அளவெடுப்பது டைல்ஸ் ஒட்டி முடிந்தபின்தான். டஃபன் ஆன கண்ணாடியை வெட்டவோ துளைபோடவோ முடியாது. அரை அங்குலம் கூடினால் மொத்தமும் வீண். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டரில் கீல், கைப்பிடி, கிளாம்ப் எல்லாவற்றுக்கும் 316 என்று எழுதி வாங்குங்கள், பில்லிலும் அந்த எண் வரட்டும். மாலிப்டினம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைத் திரவம் சில உலோகக் கடைகளில் உண்டு. ஒரு சொட்டு போதும். கீல் 316-ல் கொடுத்துவிட்டு, அதைச் சுவரோடு பிடிக்கும் திருகாணியைச் சாதா இரும்பில் போடுவது சகஜம். மாட்ட வருகிறவர் பையிலிருந்து திருகாணியை எடுக்கும்போதே வாங்கிப் பாருங்கள். துரு முதலில் கிளம்புவது அங்கேதான்.